மூன்று வரி, இரண்டு தப்பு

2023-ல் இருநூறு விசிட்டிங் கார்டு அடித்தேன். பெயருக்குக் கீழே மூன்று வரி: அட்வகேட், என்டர்டெய்ன்மென்ட் லா, பேண்ட் மேனேஜ்மென்ட். ஓரத்தில் சின்னதாக ஒரு பேஸ் கிடார் படம். ஜூனியராக இருந்த சேம்பரில் சீனியர் வக்கீல் மேடத்திடம் முதல் கார்டை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "மூணு வரில ரெண்டு தப்பு. கிடாரையும் சேத்தா ரெண்டரை. பார் கவுன்சில் ரூல்ஸ் எடுத்து 36-ம் 47-ம் படிச்சிட்டு வாப்பா" என்று சொல்லிவிட்டு, கார்டைப் புக்மார்க்காக ஒரு ஃபைலில் செருகிவிட்டார்.

படித்தேன். வக்கீல்களை நெறிப்படுத்தும் அமைப்பு பார் கவுன்சில். அதன் விதி 36-ன்படி வக்கீல் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது. இன்ன வகை வேலையில் ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டிலோ லெட்டர்ஹெட்டிலோ போட்டுக்கொள்ளவும் கூடாது. விதி 47-ன்படி தொழில் செய்யும் வக்கீல் தானே இறங்கி வேறு வியாபாரம் நடத்தக் கூடாது. பணம் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்கும் பங்குதாரராக இருக்கலாம், அதுவும் பார் கவுன்சில் கண்ணுக்கு அந்த வியாபாரம் தொழிலின் கௌரவத்துக்கு ஒத்ததாகத் தெரிந்தால். விதி 49 முழுநேரச் சம்பள வேலையும் கூடாது என்கிறது. ஆக, ஒரு கையில் வக்காலத்து, இன்னொரு கையில் பேண்டுக்கு புக்கிங் பிடித்துக் கமிஷன் என்று நான் நான்கு வருஷமாகக் கட்டிவைத்திருந்த கனவுக்கு இந்த நாட்டில் இடமே இல்லை. அமெரிக்கக் கதைகளைப் படித்துவிட்டு இங்கே அதே மாதிரி செய்யலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் சட்டம் படித்தவனுக்கு இது தெரியவில்லையா என்று கேட்டால், தெரியவில்லை. தொழில் ஒழுக்கம் பேப்பரில் நல்ல மார்க்தான் வாங்கியிருந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம், மாதத்துக்கு ஒருவராவது "அண்ணா, நானும் பேசாம லா படிச்சிடட்டுமா, மியூசிக்ல ஒண்ணும் தேறல" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது.

நான் அலசூர்க்காரன். பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழன், அப்பா எச்ஏஎல்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பேஸ் பிடித்தது ஆர்கெஸ்ட்ராவில். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், மர்பி டவுன், காக்ஸ் டவுன் பக்கம் ஆடி மாதம் முழுக்கக் கச்சேரி. பிறகு ராக் பேண்ட். 2007 மார்ச்சில் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து ராக் பேண்ட் வந்தபோது கூட்டத்தில் நின்று, இனி இதுதான் வாழ்க்கை என்று தீர்மானித்த ஆயிரக்கணக்கான முட்டாள்களில் நானும் ஒருவன். பகலில் தூக்கம், ராத்திரி ஐடிபிஎல் பக்கம் பிபிஓ, சனி ஞாயிறு பப்பில் வாசிப்பு. பத்து வருஷத்துக்கும் மேல் இப்படியே ஓடியது.

2014-ல் எங்கள் பேண்டின் தமிழ்ப் பாட்டு ஒன்றை ஒரு மியூசிக் கம்பெனி கேட்டது. பதினாலு பக்க ஒப்பந்தம், அட்வான்ஸ் அறுபதாயிரம் ரூபாய். நால்வரும் ஒரு தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டே காபி டம்ளர் ஈரத்தின் மேல் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டோம். உலகம் முழுக்க, என்றென்றைக்கும், இன்று இருக்கும் எல்லா ஊடகத்திலும் நாளை வரப்போகும் எல்லா ஊடகத்திலும், ராயல்டி எதுவும் கேட்கமாட்டோம் என்று அதில் இருந்தது. நான் படிக்கவில்லை. படித்த டிரம்மருக்குப் புரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பாட்டு ஒரு விளம்பரத்தில் வந்தது. முதல் எட்டு பார் (தாளச் சுற்று) என் பேஸ் மட்டும்தான், அதைத்தான் விளம்பரத்தில் வெட்டிப் போட்டிருந்தார்கள். அப்பா டிவியில் பார்த்துவிட்டு, "இது உன்னுதுதானே? காசு வந்துச்சா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதற்காக நான் சட்டம் படிக்கப் போகவில்லை. கோபம் ஒரு வாரம் இருந்தது, அடுத்த வாசிப்பு வந்ததும் போய்விட்டது. என்னைத் தள்ளியது 2018. பெங்களூரில் பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று கர்நாடக போலீஸ் சட்டத்தின் கீழ் 2005-ல் போட்ட ஓர் ஆணை உண்டு. அது செல்லும் என்று 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்த வருஷ நடுவில் உரிமம் இல்லாத பப்புகளில் நேரடி இசை நின்றது. மாதத்துக்கு ஆறு ஏழு வாசிப்பு இருந்த எனக்கு ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் பூஜ்யம். எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் என்னவோ அந்த ஆணையை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பிரிண்ட் எடுத்து நான்கு தடவை படித்தேன், புரியவில்லை. புரியவில்லையே என்ற அவமானம்தான் என்னை 2019-ல் மூன்று வருஷ எல்எல்பி வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தது. அப்போது வயது முப்பத்துமூன்று. பக்கத்து பெஞ்சுப் பெண் என்னை அங்கிள் என்று கூப்பிட்டாள்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாதி லாக்டவுனில் போனில் போயிற்று. 2022-ல் முடித்து, என்ரோல் செய்து, அகில இந்திய பார் தேர்வும் எழுதினேன். ஆனால் இரண்டாம் வருஷம் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 2012-ல் அதைத் திருத்தினார்கள், அந்தத் திருத்தத்துக்காக ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் பேசியது பிரபலம். (நம் செய்தித்தாள்கள் இதையும் காப்புரிமை என்கின்றன, மருந்துக்கு வாங்குவதையும் காப்புரிமை என்கின்றன. நான் பதிப்புரிமை என்றே எழுதுகிறேன்.) வகுப்பில் பிரிவு 18 வந்தது. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது, உரிமை வாங்கியவரோடு சரிபாதி அவர்களுக்கு வந்தாக வேண்டும், மாற்றி எழுதினால் அந்த ஷரத்து செல்லாது. ஒப்பந்தம் போட்டபோது புழக்கத்திலேயே இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், அந்த ஒப்பந்தம் பொருந்தாது. நான் அன்றைக்கு ராத்திரியே பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். காபிக் கறை அப்படியே இருந்தது. 2014-ல் போட்டது, அதாவது திருத்தத்துக்குப் பிறகு. நாங்கள் விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தது சட்டப்படி விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்று!

ஒரு சீனியர் மூலம் நோட்டீஸ் அனுப்பினோம். ஏழெட்டு மாதம் இழுத்து, கடைசியில் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய பாக்கி காலக்கெடு தாண்டிவிட்டது என்று கழிந்துபோனது. விளம்பரக் காசும் அதில்தான் போயிற்று, 2016-லேயே கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். மிச்சம் வந்தது முழுக்க எங்கள் பாடகனுக்கு. ஏனென்றால் ஒப்பந்தத்தில் "சொல், இசை" என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்த எட்டு பார் என்னுடையது என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. சட்டத்தின் கண்ணில் நான் அந்தப் பாட்டை வாசித்தவன், அவ்வளவுதான். நான் படித்த சட்டம் அவனுக்குக் காசு வாங்கிக் கொடுத்தது. அவன் நல்லவன், சிவாஜிநகரில் எனக்கு மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

ஆகையால் பேண்டில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஸ்ப்ளிட் ஷீட். பாட்டு முடிந்த ராத்திரியே, ஜாம் ரூமை (வாசித்துப் பழகும் அறை) விட்டுக் கிளம்பும் முன், யாருக்கு எத்தனை சதவீதம், சொல் யாருடையது, மெட்டு யாருடையது என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். "என்னடா, நமக்குள்ள போய்…" என்று ஒருவன் கண்டிப்பாகச் சொல்வான். நமக்குள் என்று இருக்கும்போதுதான் எழுத முடியும், காசு வந்த பிறகு யாரும் பேனாவைத் தொடமாட்டார்கள். இசையமைப்பாளர் என்பவர் ஸ்வரமாகவோ நொட்டேஷனாகவோ எழுதியிருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை, அமைத்திருந்தால் போதும். ஆனால் நீதான் அமைத்தாய் என்பதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே.

அதே மாதிரி, பாட்டு வேறு, பதிவு வேறு. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது குழப்பம். மெட்டும் சொல்லும் ஒரு சொத்து, அதை ரெக்கார்ட் செய்த மாஸ்டர் இன்னொரு சொத்து. முதலாவதற்கு ஐபிஆர்எஸ், 1969-லிருந்து இருக்கும் ராயல்டி வசூல் சங்கம். எழுதியவரும் இசையமைத்தவரும் அதில் உறுப்பினராகலாம், ஆகிவிட்டுப் பாட்டு விவரங்களையும் பதிய வேண்டும், பதியாத பாட்டுக்கு எந்த வழியில் காசு வரும்? மாஸ்டர் பெரும்பாலும் லேபிள், அதாவது மியூசிக் கம்பெனி, கையில் இருக்கும். 2017 மார்ச்சில் எஸ்பிபி அமெரிக்காவில் கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது தன் பாட்டை அனுமதி இல்லாமல் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பு நோட்டீஸ் போனதே, அப்போது வீட்டுக்கு வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம், எங்கள் ஆர்கெஸ்ட்ரா குரூப்பில் இரண்டு பேர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அந்தச் சண்டையில் ஒருவர்கூட "மேடையில் வாசிக்க யார் லைசென்ஸ் வாங்க வேண்டும், பாடுபவரா, நடத்துபவரா, யாரிடம்" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. இப்போது என் ஒப்பந்தங்களில் அது ஒரு வரி: மேடை லைசென்ஸ் எல்லாம் நிகழ்ச்சி நடத்துபவர் பொறுப்பு.

லேபிள் ஒப்பந்தம் வந்தால் முதலில் காலமும் இடமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால் சட்டமே ஐந்து வருஷம் என்றும், இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். அதனால், வரைவில் காலம் போடாமல் வந்தால், "சார் இதை மறந்துட்டீங்க" என்று நினைவுபடுத்தப் போகாதீர்கள். பேண்டின் பெயரை டிரேட்மார்க்கில் கேளிக்கைச் சேவைக்கான வகுப்பு 41-ல் பதிய தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய். கர்நாடகத்துக்கான அலுவலகம் சென்னையில்தான், அதற்காக ஒன்றும் போக வேண்டியதில்லை. ஆனால் யார் பெயரில் பதிவது என்பதை நால்வரும் பேசி எழுதிவைத்துவிட்டுப் பதியுங்கள். எங்கள் பேண்ட் உடைந்தது பெயரால்தான், பாட்டால் இல்லை. அந்தக் கதை வேண்டாம்.

சரி, சேம்பருக்கு வருகிறேன். ஜூனியராக மாதம் பன்னிரண்டாயிரம். முதல் ஒன்றரை வருஷம் நான் பார்த்தது மேயோ ஹாலிலும் சிட்டி சிவில் கோர்ட்டிலும் வாய்தா, செக் பவுன்ஸ், பாகப்பிரிவினை, வீட்டைக் காலி செய்யாத வாடகைக்காரர். என்டர்டெய்ன்மென்ட் லா என்று தனியாக ஒரு சட்டமே கிடையாது. 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டம், பதிப்புரிமை, டிரேட்மார்க், வரி, கொஞ்சம் பொறுமை, இவற்றைக் கலந்தால் அதுதான். வாடகை கேஸில் ஷரத்து படிக்கக் கற்றதுதான் பின்னால் லேபிள் ஒப்பந்தம் படிக்க உதவியது. அதனால் அந்த ஒன்றரை வருஷத்தை நான் வீண் என்று சொல்லமாட்டேன், ஆனால் அப்பாவின் பென்ஷன் இல்லாமல் அதைத் தாண்டியிருக்கவும் மாட்டேன்.

கார்டு சம்பவத்துக்குப் பிறகு ஒரு மாதம் மேடத்தோடு மனதுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் பழைய காலத்து விதி, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள், இத்யாதி. ஒரு நாள் கோர்ட் கேண்டீனில் அவரே ஆரம்பித்தார். "ரூலை விடு. நீ மேனேஜர்னா அந்தப் பசங்க சைன் பண்ணாத்தான் உனக்குக் கமிஷன். வக்கீல்னா சில சமயம் சைன் பண்ணாதீங்கன்னு சொல்லணும். ரெண்டு பேரும் நீயே இருந்தா அந்தப் பசங்களுக்கு யாரு இருக்கா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. 2014-ல் எங்களுக்கு அந்தப் பதினாலு பக்கத்தைக் கொண்டுவந்து, "எல்லாம் ஸ்டாண்டர்டுதான் மச்சான், போடு" என்றவனும் எங்கள் மேனேஜர்தான். நல்ல பையன். அறுபதாயிரத்தில் அவனுக்கு இருபது சதவீதம். அவன் ஏமாற்றினான் என்று நான் நினைக்கவில்லை, பன்னிரண்டாயிரம் ரூபாய் அவன் கண்ணை மறைத்தது, எனக்கும் மறைக்கும்.

2024-ல் வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்து, சன்னத்தை (வக்கீல் பதிவுச் சான்று) திருப்பிக் கொடுத்துவிட்டு, மேனேஜ்மென்ட் மட்டும் எடுத்துக்கொண்டேன். கோட்டு பீரோவில் இருக்கிறது. பிற்பாடு திரும்பிப் போகலாம். அம்மாவுக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை, சொந்தக்காரர்களிடம் வக்கீல் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே லா படிக்கட்டுமா என்பவர்களுக்கு: கோர்ட்டுக்குப் போக ஆசை இருந்தால் படியுங்கள். ஒப்பந்தம் படிக்கத் தெரிந்தால் போதும் என்றால் மூன்று வருஷம் வேண்டாம். இங்கே நாகரபாவியில் இருக்கும் நேஷனல் லா ஸ்கூல் அறிவுசார் சொத்துரிமையில் டிப்ளமா நடத்துகிறது. அதுவும் முடியாவிட்டால் பதிப்புரிமைச் சட்டத்தில் 17, 18, 19, 30ஏ, 38 ஆகிய பிரிவுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படியுங்கள், இலவசம்.

மேனேஜர் வேலையில் பாதி பணம் வசூல். அதற்கு ஆர்கெஸ்ட்ரா நாட்களே பெரிய பாடம். எங்கள் பழைய மாஸ்டர் பாக்கிப் பணம் கைக்கு வராமல் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சைத் தட்டவே மாட்டார், கல்யாண வீட்டு மாமா எவ்வளவு கத்தினாலும். நான் அதையே ஷரத்தாக எழுதுகிறேன்: பாதி அட்வான்ஸ், மீதி சவுண்ட் செக்குக்கு முன். பெரிய கம்பெனிகள் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை, அறுபது நாள் தொண்ணூறு நாள் என்பார்கள். அதற்காக உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துவைத்திருக்கிறேன், அதற்குக் கட்டணம் கிடையாது. பதிவு செய்த குறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது, கெடுவுக்குள் தராவிட்டால் அந்தச் செலவை வருமான வரியில் அவர்கள் அந்த வருஷம் கழித்துக்கொள்ள முடியாது. வட்டியைப் பற்றி எழுதினால் பதில் வராது. வரியைப் பற்றி அவர்கள் அக்கவுன்ட்ஸ் ஆளுக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டால் இரண்டே நாளில் போன் வரும். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

வரி என்றதும் ஞாபகம் வருகிறது. சபாவில் கர்நாடக இசை பாடுபவருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை ஜிஎஸ்டி கிடையாது, நாட்டுப்புறக் கலைக்கும் அப்படித்தான். ராக் பேண்டுக்கு அந்தச் சலுகை இல்லை. கர்நாடக சங்கீதமும் டிஸ்டார்ஷன் கிடாரும் கலந்து வாசிக்கும் என் பேண்ட் எந்தப் பக்கம் என்று ஆடிட்டரைக் கேட்டேன். அவர் பாட்டைக் கேட்டுவிட்டு, "ரிஸ்க் எடுக்காதீங்க" என்றார். இசை விமர்சனமா வரி ஆலோசனையா என்று இன்னும் தெரியவில்லை.

கடைசியாக மேனேஜ்மென்ட் ஒப்பந்தம், அதாவது என்னைப் போன்றவர்களிடமிருந்தே உங்களைக் காப்பாற்றிக்கொள்வது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு யாரிடமும் போகக் கூடாது, போனால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும் என்று ஷரத்து இருந்தால் பயப்படாதீர்கள். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் அதே மாதிரி ஷரத்தைச் செல்லாது என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கமிஷன் ஷரத்து வேறு. நான் பிடித்துக் கொடுத்த வேலையில் நான் போன பிறகும் எத்தனை காலம் எனக்குப் பங்கு என்பது பேசித் தீர்க்க வேண்டியது, இங்கேதான் மேனேஜர்கள் கை நீளும்.

போன மாதம் காக்ஸ் டவுனில் ஒரு ஜாம் ரூமில் புதுப் பசங்களிடம் என் ஒப்பந்தத்தைக் கொடுத்தேன். டிரம்ஸ் வாசிக்கும் பெண் தயங்கித் தயங்கி, "அண்ணா, தப்பா நினைக்காதீங்க, இதை வேற ஒரு வக்கீல்கிட்ட காட்டலாமா?" என்றாள். எனக்குத் தெரியாத வக்கீலாகப் பார்த்துப் போ என்றேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. பிரிந்த பிறகு எனக்குப் பதினெட்டு மாதம் கமிஷன் என்று எழுதியிருந்ததை அடித்து, சிவப்பு மையில் ஆறு மாதம் என்று போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஸ்ப்ளிட் ஷீட்டும் பின் குத்தி இருந்தது, பேஸ் வாசிக்கும் பையனுக்கு இருபத்தைந்து சதவீதம்.

ஒன்பது மாதம் என்று கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றார்கள். ஆறு மாதத்துக்கே கையெழுத்துப் போட்டேன்.